முட்டிக்கு அடியில ஒரு தலகாணி

"அவ கால் இனி நேராகாதுடா தம்பி. கட்டிங் மேசையை எனக்குக் குடுத்துரு."

"மெதுவா பேசுக்கா, அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டா கால் நீண்டுருமா?"

பேசுனது என் நாத்தனாரும் வீட்டுக்காரரும். பக்கத்து ரூம்ல முட்டி ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தது நான். எங்க தையல் கடையில துணி வெட்டுறது என் வேலை. கடையில எல்லாரும் என்னைக் கத்திரின்னுதான் கூப்பிடுவாங்க. வெட்டுறதுக்கு நாள் பூரா நிக்கணும். கால் நேரா இல்லேன்னா கொஞ்ச நேரத்துலயே தொடை நடுங்கும், கத்திரி கோணும். கால் போனா மேசையும் போச்சு.

அப்புறம் நாத்தனார் சிரிச்ச முகமா உள்ள வந்தாங்க. "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டு, எப்பவும் போல முட்டிக்கு அடியில தலகாணியைச் சொருகிட்டுப் போனாங்க. சொகமாத்தான் இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்.

பிசியோதெரபி பொண்ணு வந்து காலை நீட்டச் சொல்லுச்சு. முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவுல அது கை தாராளமா போயிட்டு வந்துச்சு.

"கை போகவே கூடாதும்மா. இந்தத் தலகாணி யார் வச்சது?"

"என் நாத்தனார்."

"நல்ல நாத்தனார்தான். இப்படியே வச்சா கால் மடங்குன வாக்குலயே இறுகிரும். குதிகாலுக்கு அடியில டவலைச் சுருட்டி வைங்க. முட்டி கீழ இறங்கட்டும்."

அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது வேணும்னே பண்ணதுன்னு. அவங்க தலகாணி வச்சுட்டு அந்தப் பக்கம் போனதும் உருவிப் போட்டுட்டு டவலை வைப்பேன். தொடையை இறுக்கி முட்டியைக் கீழ அமுக்கணும். உயிர் போற வலி. அடியில இருக்கிறது மெத்தை இல்ல, அவங்க வாய்னு நினைச்சுக்கிட்டு அமுக்குவேன். நல்லா அமுங்குச்சு.

ஒருநாள் பிசியோ பொண்ணோட கை உள்ள போகல. மறுநாளே கடைக்குப் போனேன். நாத்தனார் என் மேசையில சாக்பீஸோட நின்னாங்க.

"என்ன, எந்திரிச்சு வந்துட்ட?"

"கால் நீண்டுருச்சு அண்ணி. நீங்க பேசுனது நல்லா கேட்டுச்சு."

மூஞ்சி செத்துப்போச்சு. கத்திரியைக் கையில குடுத்துட்டு, பட்டன் தைக்கிற மூலைக்குப் போயிட்டாங்க. அதோட விட்டிருக்கலாம். எனக்கு ஆறல.

இப்ப அவங்களுக்கும் முட்டி ஆபரேஷன். அதே ரூம், அதே கட்டில். பாத்துக்கிறது நான்.

"அந்தத் தலகாணியை முட்டிக்கு அடியில வைம்மா. உனக்கு எவ்வளவு சொகமா இருந்துச்சு."

வச்சேன். நல்லா தட்டியும் விட்டேன்.

"அக்காவை நீதான் தாங்குற"ன்னாரு வீட்டுக்காரர்.

அடுப்படிக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. விவரம் தெரிஞ்சிருந்தா தன் காலுக்கே கேட்டு வாங்குவாங்களா? அப்ப எனக்கு வச்சதும் தெரியாமத்தான். பாசத்துலதான் வச்சிருக்காங்க போல. ஆனா அந்தப் பேச்சு? அது தெரியாம பேசுனதில்லையே. மேசைக்கு ஆசைப்பட்டுத்தானே என் கால் இனி தேறாதுன்னு பேசி முடிச்சாங்க.

பிசியோ பொண்ணு அடுத்த வாரம்தான் வருது. தலகாணி இன்னும் அங்கதான் இருக்கு. எடுக்கணும்னு போறேன், அவங்க முகத்தைப் பாத்ததும் "கேக்கட்டும்"னு சொன்ன குரல் காதுல விழுது, திரும்பி வந்துடுறேன்.

முட்டி மாத்துனவங்க, நாத்தனாரோட குடித்தனம் பண்றவங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க. ஒண்ணும் பேசாம எடுத்துடவா? இல்ல, கதவுக்கு வெளிய நின்னு அவங்க காதுல விழுற மாதிரி "இனி நேராகாது"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு எடுக்கவா? சீக்கிரம் பதில் போடுங்க. அவங்க கால் அங்க மடங்கியே கெடக்கு.