ஏழாவது கட்டில்

முதியோர் இல்லம் நடத்தும் அக்காவுக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். உரிமம் புதுப்பிக்க ஆய்வாளர் வந்து நின்ற அன்றைக்கு மட்டும் அந்த வாய் அடைத்துப்போனது.

நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. மாத்திரை அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். குளியலறைக் கைப்பிடியில் தொங்காத குறையாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு கட்டில்களை எண்ணினார். அங்கேதான் வந்தது வினை.

"ஏழு இருக்கேம்மா. உங்க உரிமம் ஆறு பேருக்குத்தானே?"

ஆறு பேர் வரை சின்ன இல்லம்; கட்டணமும் கைக்கு அடங்கும். ஏழானால் பெரிய இல்லம். உரிமக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் எல்லாம் எகிறும், போதாததற்குச் சம்பளத்துக்கு ஒரு நர்ஸ் வேறு. அக்காவால் ஆகிற காரியமா? இழுத்து மூட வேண்டியதுதான்.

"யாரையாவது காசு வாங்காம வச்சிருந்தா அவங்க உங்க வீட்டு ஆள் மாதிரி, கணக்குல வராது" என்று ஆய்வாளரே வழி காட்டினார். "ஏழு பேரும் காசு கட்றவங்களா?"

ஜன்னலோரத்து ஏழாவது கட்டிலில் தையல்காரர் ஒருவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் பணம் அனுப்புவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. அதை அவரிடம் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. மகன் கட்டுகிறான் என்ற நினைப்பில்தானே மனுஷன் தலை நிமிர்ந்து சாப்பிடுகிறார்! ஆய்வாளரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவரவர் முன்னாலேயே கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். எவன் போட்ட விதியோ.

"கட்றாங்க சார், எல்லாருமே" என்றாள். மற்ற ஆறு பேரையும் எங்கே கொண்டுபோய் விடுவாள்? தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பொய் சார். என் பையன் காசு அனுப்பறதே இல்ல. ஆறுன்னு எழுதிக்குங்க."

"ஐயா, சும்மா இருங்க."

"இரும்மா. மாசா மாசம் இந்தப் பொண்ணு வந்து, 'உங்க பையன் காசு போட்டுட்டாரு, போன்ல பேசினாரு, அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டாரு, குளிருக்குப் போர்த்திக்கச் சொன்னாரு'ன்னு சொல்லும். அவன் பொறந்ததுலேருந்து என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல சார். முதல் தடவையே புரிஞ்சுபோச்சு."

ஆய்வாளர் ஆறு என்று எழுதினார். மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அக்கா அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சும் ஏன் ஐயா சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவியே. கேக்க நல்லா இருந்துச்சும்மா."