மாப்பிள்ளை மாட்டிய ஹீட்டர்

எங்கள் வீட்டில் விளக்கு, குழாய், மோட்டார் எது கெட்டாலும் அக்கா புருஷனைத்தான் கூப்பிட வேண்டும். அத்தான் வேலை பார்ப்பது துணிக்கடையில். ஆனால் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அப்பாவுக்கு அவர்தான் சகலகலா வல்லவர். வெளியாளைக் கூப்பிட்டால் மாப்பிள்ளையின் முகம் சுண்டிவிடுமாம். முகம் சுண்டினால் அக்காவைப் போட்டுப் படுத்துவாராம். நல்ல நியாயம்!

குளியலறை ஹீட்டரைப் போட்டாலே வீடு முழுக்கக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அத்தான் வெளியூர் போன சமயம் பார்த்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன்.

"ஹீட்டர்ல கரண்ட் கசியுதும்மா. அதான் இந்த டிரிப் ஸ்விட்ச் விழுந்து உங்களக் காப்பாத்துது. ஹீட்டர மாத்துற வரைக்கும் போடாதீங்க," என்றார் அவர்.

அத்தான் திரும்பி வந்து கேட்டதும் சிரித்தார். "புது ஹீட்டர் விக்கிறதுக்கு விடுற கதை. ஸ்விட்ச்தான் கோளாறு." அதைக் கழற்றி எறிந்துவிட்டு வயரை நேராக இணைத்தார். தண்ணீர் சுட்டது, கரண்ட் போகவில்லை.

"ஆபத்துப்பா, அந்த ஆளு சொன்னாரே," என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"வாய மூடு. மாப்பிள்ளை காதுல விழப்போகுது," என்றார் அப்பா.

அம்மா என் கட்சிதான். இருந்தாலும், "அக்காவுக்காகப் பொறுத்துக்கடி," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கதவை உடைத்துத்தான் அம்மாவை வெளியே எடுத்தோம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "வழுக்கி விழுந்துட்டா," என்றார். அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் சுருண்டு கிடந்தார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வந்தவர்கள் போன பிறகு அப்பா புது ஹீட்டர் வாங்கி வந்தார். நான் அந்த எலக்ட்ரீஷியனை மறுபடியும் அழைத்தேன். அவர் உள்ளே வருவதற்குள் அப்பா வாசலை மறித்துக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை பாத்துக்குவாரு. நீங்க போகலாம்."

"என்னால முடியாது மாமா. அவரே செய்யட்டும்," என்றார் அத்தான்.

"வெளியாளு கை வெச்சா, நீங்கதான் காரணம்னு நாங்களே சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் என் பொண்ணு உங்ககூட எப்படி வாழுவா? ஏறுங்க மாப்பிள்ளை."

அத்தான் ஸ்டூலில் ஏறினார். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டிரிப் ஸ்விட்ச்?" என்று கேட்டேன். அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

வேலை முடிந்ததும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "மொதல்ல நான் குளிக்கிறேன்."

"தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க மாமா," என்று அத்தான் கெஞ்சினார்.

அப்பா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவோடு காதை ஒட்டி, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் மூவரும் நிற்கிறோம்.