பதின்மூன்றாவது தெரு

மேலாளர் ஒரு மனுவைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டபோது, அவள் புதிய பட்டியலின் பன்னிரண்டாவது வரியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"நாப்பத்தோரு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. மூணு வருஷமா இந்தத் தெரு ஏன் பட்டியல்லயே வரலைன்னு கேக்குறாங்க. எனக்கும் அதேதான் கேள்வி."

"பன்னிரண்டு தெருவுக்குத்தானே சார் பணம் ஒதுக்குறீங்க? இது பதின்மூணாவதா நிக்குது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"அதோட ராசி அப்படி," என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இணைய நிறுவனத்தில் எந்தத் தெருவின் நெரிசலை முதலில் தீர்ப்பது என்று வரிசைப்படுத்துவது அவள் வேலை. ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி; அந்தத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் இணையம் அதன் வழியாகத்தான் போகும். பகலில் தாராளமாக ஓடும். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பிப் படம், விளையாட்டு, பாடம், அரட்டை என்று உட்கார்ந்துவிட்டால், குறுகலான வாசலில் கல்யாணக் கூட்டம் முண்டுகிற கதைதான். பெட்டியை இரண்டாகப் பிரித்து வீடுகளைப் பங்கிட்டுவிட்டால் நெரிசல் தீரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு தெருக்களுக்கு அந்த யோகம் அடிக்கும். பதின்மூன்றாவதாக நிற்பது யார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்காத இடத்தில்தான் அவள் தன் கணவனை, அதாவது முன்னாள் கணவனை, நிறுத்தி வைத்திருந்தாள்.

அவன் கிட்டார் மாஸ்டர். வீட்டிலிருந்தபடியே திரையில் பாடம் நடத்துகிறவன். கல்யாணமான புதிதில் அவள்தான் ஊழியர்களுக்கான தனி இணைப்பை அந்த வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தாள். ஊரே திணறினாலும் அந்த இணைப்பு திணறாது. மாலை ஆறு மணிக்கு அறைக்கதவைச் சாத்தினால் பதினொன்றுக்குத்தான் திறப்பான். கதவுக்கு அடியில் கோடு மாதிரி ஒரு நீல வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஏழு வருடம் தனியாகச் சாப்பிட்டாள். அறிமுகப் பாடத்துக்கென்று வந்த ஒரு மாணவி மட்டும் எத்தனை மாதமாகியும் அறிமுகத்தைத் தாண்டவே இல்லை என்பது அவளுக்குக் கடைசியில்தான் உறைத்தது. இன்னொருத்தியை அவனிடம் கொண்டுவந்து சேர்த்தது அவள் வாங்கிக் கொடுத்த கம்பி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியேறிய மறுவாரமே ஊழியர் இணைப்பு ரத்தானது. அவன் மற்றவர்களோடு தெருப் பெட்டியில் வந்து விழுந்தான். அதன் பிறகு அவள் கெட்டதென்று ஒன்றும் செய்யவில்லை. நல்லதைச் செய்யாமல் இருந்தாள், அவ்வளவுதான். தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தத் தெருவின் வரைபடத்தைத் திறப்பாள். ஏழு மணிக்குக் கோடு ஏறும். எட்டு மணிக்கு உச்சியில் முட்டி, மேலே போக வழியில்லாமல் படுத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பசிக்கும்.

"பட்டியல் போகட்டும், செலவில்லாத வழி ஒண்ணு இருக்கே," என்றார் மேலாளர். "நெரிசல் நேரத்துல யாரு அதிகமா அனுப்புறாங்களோ, அந்த ஒரு வீட்டை மட்டும் ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் மெதுவாக்கிடலாம். மத்தவங்க பொழைச்சுப்பாங்க. ஒரு தடவை அந்த நேரத்துல நேர்ல போய் அளந்துட்டு எழுதிக் கொடுங்க, போதும்."

அவளுக்கு நெஞ்சில் ஏதோ இனித்தது. படம் பார்க்கிறவர்கள் இணையத்திலிருந்து இழுக்கத்தான் செய்வார்கள். தன் முகத்தையும் குரலையும் மணிக்கணக்கில் வெளியே அனுப்புகிறவன் அந்தத் தெருவில் ஒருவன்தான். மெதுவாக்கும் அந்த விதியில் எந்தப் பெயரும் இருக்காது. எந்திரமே அவனைத் தேடிப் பிடித்துக் கழுத்தை நெரிக்கும், அதுவும் மற்ற வீடுகளின் வாழ்த்தோடு. மூன்று வருடமாக இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"நானே போறேன் சார்," என்றாள். முகம் பார்க்காமல் அடிக்கிற அடியில் என்ன ருசி இருக்கிறது?

மறுநாள் மாலை கம்பெனி வண்டியில் இறங்கியபோது, தலைக்கவசமும் நிறுவனத்தின் மஞ்சள் மேலங்கியும் அவளைப் பாதி மறைத்திருந்தன. கூட வந்தவர், முப்பது வருடமாக ஏணியிலேயே குடியிருக்கிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஏணி. அவர் கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து அளவுக்கருவியை மாட்டினார். எதிரே தையல்கடை. அவளை முதலில் அடையாளம் கண்டது அந்தக் கடைக்காரிதான்.

"உள்ள வாடி," என்று கையைப் பிடித்து இழுத்தாள் தையலக்கா. மூன்று வருடத்துக்கு முன் துணிப்பெட்டியோடு தெருவில் நின்றவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த கை. "தொப்பி போட்டா தெரியாதாக்கும்? உன் தோள் அளவு என் நோட்டுல இன்னும் இருக்கு."

"வேலையா வந்தேன்க்கா."

"தெரியும். நீ பண்ற வேலை எல்லாமே தெரியும்." தையலக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன் கம்பெனி, உன் கோவம். கூட்டிப் பார்க்க எனக்குக் கணக்கு வராதா? முதல் வருஷம் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா பாரு, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு நான் போன்ல பார்த்துத்தான் அளவு எடுக்குறேன். கையை நீட்டும்மான்னா, நீட்டின கையோட அப்படியே செலையா நிக்குறாங்க. சாயந்தர வியாபாரமே போச்சு. ஒரு எலிக்காக ஊரையே கொளுத்துறியேடி!"

அவளுக்குச் சுருக்கென்றது. தலைகுனிந்து, "இனிமே எலி மட்டும்தான்க்கா மாட்டும்," என்றாள்.

அப்போது கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தைக்கக் கொடுக்கும் துணி அடங்கிய பை. தலைமுடியைப் பென்சிலால் சொருகியிருந்தாள். தையலக்காவின் முகம் ஒரு நொடியில் வெளுத்ததைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. இவள்தான். திரையில் அறிமுகமாகி வீட்டுக்குள் வந்தவள். படத்தில்கூட ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"நெட் கம்பெனியா அக்கா?" என்றாள் வந்தவள், மேலங்கியைப் பார்த்து. "சரி பண்ணப் போறீங்களா?"

"ம். மனு வந்திருக்கு."

"நானும் கையெழுத்துப் போட்டேன். அவருக்காகத்தான் போட்டேன்." சிரித்தாள். வெகுளிச் சிரிப்பு. "என்னைக் கேட்டா, சரியாகவே வேண்டாம்னுதான் சொல்வேன். தையலக்கா திட்டுவாங்க, ஆனா உண்மை அதுதான்."

"ஏன்?"

"எட்டு மணியானா படம் நின்னுடும். பத்து நிமிஷம் கத்துவார். மேசையைத் தட்டுவார். அப்புறம் கதவைத் திறந்துட்டு வெளியே வந்துடுவார். மாடியில ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். சாப்பாடும் அங்கேதான், பேச்சும் அங்கேதான். வந்த புதுசுல ரொம்பப் பயந்தேன்க்கா. பாடம்னு உட்கார்ந்தா பக்கத்துல மனுஷி இருக்கிறதே தெரியாது அவருக்கு. இந்த நெட் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன்." துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், ஏதோ நினைவு வந்தாற்போல நின்றாள். "உங்க ஆபீஸ்ல யாரோ சோம்பேறி வேலை செய்யாம விட்டிருக்காங்க. அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு நான் நினைச்சுக்குவேன்."

அந்தப் பெண் எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள்.

மணி எட்டு. கம்பத்தின் மேலிருந்து ஏணி குரல் கொடுத்தார். "முட்டிடுச்சு மேடம்! ஊசி நுழைய இடமில்லை!"

தெருவில் ஒரு வீட்டில் யாரோ திட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை ஓவென்று அழுதது. அவள் கடை வாசலில் நின்று எதிர்மாடியைப் பார்த்தாள். சரியாகப் பத்து நிமிடம். படிக்கட்டுக் கதவு திறந்தது. அவன் வந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான். கையில் கிட்டார். எரிச்சலோடு நாற்காலியில் விழுந்தவனிடம் அந்தப் பெண் என்னவோ சொன்னாள். அவன் அண்ணாந்து சிரித்தான். பிறகு திரையும் இல்லாமல், மாணவர்களும் இல்லாமல், சும்மா வாசித்தான். ஏழு வருடம் சாத்திய கதவுக்கு வெளியே துண்டுதுண்டாக அவள் கேட்ட மெட்டு. நடுவில் 'மறுபடி வாசிங்க' என்று எந்த மாணவருக்காகவும் நிறுத்தாமல் அது கடைசிவரை போனது. அதற்கு இப்படி ஒரு முடிவு உண்டென்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

மூன்று வருடம். ஒவ்வொரு மாலையும். அவள் பார்த்துப் பார்த்துப் பரிமாறியது விஷம் என்று நினைத்திருந்தாள். அவர்கள் அதை விருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வண்டியில் ஏறியதும் ஏணி படிவத்தை நீட்டினார். "எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கிட்டார் வீடுதான் மேடம். விதியைப் போட்டுடலாமா? இப்போ எட்டுக்கு நிக்குறது, அப்புறம் ஏழுக்கே நின்னுடும்."

ஏழுக்கே. இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக மாடியில்.

"வேண்டாம்," என்றாள். "பெட்டியைப் பிரிக்கலாம்."

"பட்டியல்ல இடம் இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே?"

"இருக்கு. முதல் இடம்."

அன்றிரவு பிரிப்பு வரைபடத்தை அவளே போட்டாள். தொண்ணூற்றாறு வீடுகளைச் சரிபாதியாக வெட்டுவதுதான் வழக்கம். அவள் அறுபதும் முப்பத்தாறுமாக வெட்டினாள். கேட்டால் கம்பத்தின் தூரத்தைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆள் குறைந்த பக்கத்தில், அகலமான வழியில், கிட்டார் மாஸ்டரின் வீட்டை வைத்தாள். கல்யாணப் பரிசாகக் கொடுத்ததைவிட நல்ல இணைப்பு இது. தாராளமாக இருக்கட்டும். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தட்டும். மேலாளர் படித்துப் பார்த்து, "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. முடிந்த அன்று மாலை அலுவலகம் காலியான பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குக் கோடு ஏறியது. எட்டு மணிக்கு உச்சியில் முட்டவில்லை. பாதி உயரத்தில் சாவதானமாக ஓடியது. இதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். அந்த ஒரு வீட்டின் பக்கத்தை மட்டும் திறந்தாள். ஆறு மணிக்குக் கிளம்பிய நீலக்கோடு அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. கதவுக்கு அடியில் தெரிந்த அதே நீலம்.

கைபேசி அழைத்தது. காணொலி அழைப்பில் தையலக்கா.

"பாரு, பாரு! ஒரு திணறல் இல்லை! இன்னைக்கு மட்டும் மூணு பேருக்கு அளவெடுத்துட்டேன். அவனை மன்னிச்சிட்டியாடி? இந்த மனசு யாருக்கு வரும்!"

அவள் கைபேசியை மேசையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தாள்.

"என் மூஞ்சியையே எதுக்குப் பார்க்கணும்? தெரு எவ்வளவு தெளிவாத் தெரியுது பாரு," என்று தையலக்கா கைபேசியை வாசல் பக்கம் திருப்பினாள்.

எதிர்மாடியில் விளக்கு எரிந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அந்தப் பெண், மூடிவைத்த தட்டு மடியில் இருக்க, படிக்கட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முடியில் சொருகிய பென்சில்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. காற்றில் அவள் துப்பட்டாவின் நுனி எழுந்து, காலி நாற்காலியின் கைப்பிடியில் படிந்து, மறுபடி எழுந்தது.

படம் எங்கேயாவது உறையும் என்று இவள் காத்திருந்தாள். அது உறையவே இல்லை.