தேவதையின் எடைக்கல்

அந்த நாடகக் கம்பெனியில் தேவதை பறப்பதற்கு மந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அண்ணன் ஒருவர் இருந்தால் போதும்.

ஏற்பாடு இதுதான். பக்கத்திரைக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் ஒரு பலகை. பலகைமேல் அண்ணன். அவர் இடுப்பில் கட்டிய கயிறு கூரையில் இருக்கும் இரண்டு கப்பிகளின் மேல் ஓடி, மேடையில் நிற்கும் தங்கச்சியின் முதுகில், இரண்டு சிறகுக்கும் நடுவில் உள்ள கொக்கியில் முடியும். ராஜா வேஷக்காரர் "தேவதையே, விண்ணேகு!" என்றதும் அண்ணன் பலகையிலிருந்து காலை எடுத்துவிடுவார். அவர் இறங்க இறங்க அவள் ஏறுவாள். அவர் அறுபத்திரண்டு கிலோ, அவள் ஐம்பத்தெட்டு. அந்த நாலு கிலோ வித்தியாசத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சொர்க்கம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை மாதிரி போவாள். முன் வரிசையில் ஒரு பல் டாக்டர் வாயை மூட மறந்து, அடுத்த நாள் தானே இன்னொரு டாக்டரிடம் போனதாகக் கேள்வி.

கம்பெனியில் அண்ணனுக்குப் பேர் எடைக்கல். வேலையில் சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை இருவரும் மெஷினில் ஏறி எடை பார்த்தார்கள். அதற்கப்புறம் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவரை வைத்து ஒருவரை நிறுத்துக்கொண்டுதானே இருந்தார்கள்!

சில மாதமாகவே வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தது. வினை முற்றியது ஒரு மத்தியான ஆட்டத்தில். எடைக்கல் காலை எடுத்தார். அடுத்த கணம் மூட்டை விழுந்த மாதிரி தரையில் இருந்தார். தேவதை விர்ரென்று போய் உத்தரத்தில் முட்டி, சிறகு மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். விஷயம் தெரியாத ராஜா, தன் வசனத்தைக் கண்ணீரோடு சொன்னார்: "இனி எப்போது மண்ணுக்கு வருவாய்?"

"ஏணி கொண்டு வந்தா வர்றேன்," என்றாள் மேலிருந்து.

அன்றைக்கு அந்தச் சோக நாடகத்துக்குக் கிடைத்த சிரிப்பை, அவர்கள் போட்ட எந்த நகைச்சுவை நாடகமும் வாங்கியதில்லை.

முதலாளி பக்கத்திரைக்குப் பின்னால் வந்து எடைக்கல்லைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "யோவ், இது என்னய்யா வயிறு?"

எடைக்கல் குனிந்து பார்த்தார். வயிறு இருந்தது. சட்டைப் பொத்தானுக்கு நடுவில் எட்டிக்கூடப் பார்த்தது. "மொதலாளி, இது காத்துதான். சாப்பிட்டா உப்பிக்குது."

"காத்துன்னா நீயே மேல போயிருப்பியே! இங்க பாரு. மோட்டார்காரன் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான். பொத்தான அமுக்கினா ஏறும், அமுக்கினா இறங்கும். அது சாப்பிடாது, உப்பாது. அடுத்த நாடகத்துக்கு ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஒழுங்கா பறக்கவிட்டா கயிறு உன்கிட்ட. இல்லைன்னா மோட்டார்."

அன்று எடைக்கல்லுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தங்கச்சி முதுகில் இருக்கிற கொக்கியை ஒரு பொத்தானிடம் விட அவருக்கு மனசு வரவில்லை. அவள் பயந்தால் கயிறு நடுங்கும், இருமினால் கயிறு துள்ளும். அது மோட்டாருக்கு எங்கே தெரியப்போகிறது?

இளைப்பது என்று முடிவானது. எல்லோரும் சொல்கிற வைத்தியம்தானே, சோற்றை நிறுத்தினார். காலையில் ரொட்டி, மத்தியானம் கோதுமைக் கஞ்சி, ராத்திரி கோதுமை ரவை. தங்கச்சி, "நீங்க மட்டும் எதுக்கு வாயக் கட்டணும்? நானும் அதையே தின்னுக்கறேன்," என்று துணைக்குச் சேர்ந்துகொண்டாள். அண்ணன்மேல் அவ்வளவு பாசம்.

மூன்று வாரம். எடைக்கல்லின் வயிறு இன்னும் இரண்டு விரல் முன்னே வந்தது. தேவதை இன்னும் வேகமாகப் போனாள். தையல்காரர் சிறகுக்குள் ஈயக்குண்டு வைத்துத் தைத்துப் பார்த்தார். தேவதை மேலே போனாள், சிறகு கீழேயே தங்கிவிட்டது.

"அண்ணா, நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு ஏதோ சாப்பிடறீங்க," என்றாள் தங்கச்சி.

"உன் தலைமேல சத்தியமா இல்ல."

"என் தலை ஏற்கெனவே உத்தரத்துல இடிச்சு வீங்கிருக்கு. அதை விடுங்க."

கடைசியில் இளைப்பதற்கு மாத்திரை கேட்கலாமென்று டாக்டரம்மாவிடம் போனார். வேகம் எவ்வளவு கூடிவிட்டது என்பதற்குச் சாட்சி வேண்டுமே என்று தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா கதை முழுவதையும் முகம் மாறாமல் கேட்டார். கப்பி எத்தனை என்று மட்டும் ஒரு கேள்வி. பிறகு மெஷினைக் காட்டினார்.

எடைக்கல் ஏறினார். அறுபத்தைந்து.

"பாத்தீங்களா! மூணு கிலோ!" என்றார் குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"இறங்குங்க. நீங்க ஏறும்மா."

நாற்பத்தாறு.

எடைக்கல் மெஷினைத் தட்டிப் பார்த்தார். தங்கச்சியை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே நாற்பத்தாறு. பன்னிரண்டு கிலோ தங்கச்சி எங்கேயோ போயிருந்தாள். கயிற்றின் இந்தப் பக்கம் இருந்தவருக்கு அது தெரியவே இல்லை. வேகம் கூடினால் தான் கனத்துவிட்டோம் என்று எண்ணினாரே தவிர, அவள் குறைந்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தேவதை வேஷம் மூன்று சுற்றுத் துணி, பெரிய சிறகு. பாவாடையை நாலு தடவை பிடித்துத் தைத்த தையல்காரர்கூட, துணி நைந்து நெகிழ்ந்துவிட்டதென்றுதான் நினைத்தாராம்.

"வயித்தால போகுமா?" என்றார் டாக்டரம்மா.

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். "கொஞ்சம்."

"எவ்வளவு நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"அடிப் பாவி, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இதைப் போய் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். "சீலியாக் நோயா இருக்கலாம். கோதுமை, பார்லி, ரை, இதுல எல்லாம் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா சில பேருக்கு உடம்பே தன் குடலை அடிக்க ஆரம்பிச்சிடும். குடலோட உள்சுவர் கம்பளம் மாதிரி இருக்கணும், அது தேய்ஞ்சு தரை மாதிரி ஆயிடும். அப்புறம் எதைத் தின்னாலும் ஒட்டாது. உடன்பிறப்புக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. நீங்களும் கைய நீட்டுங்க."

எடைக்கல் சிரித்துவிட்டார். "எனக்கா? டாக்டரம்மா, இந்த வயித்தப் பாத்துமா சொல்றீங்க? எனக்கு ஒட்டாதது ஒண்ணு உண்டா?"

"மெலிஞ்சவங்களுக்குத்தான் வரும்னு அந்த நோய் எங்கயும் எழுதிக் குடுக்கல. குண்டா இருக்கறவங்களுக்கும் வரும், சரியான எடையில இருக்கறவங்களுக்கும் வரும். கைய நீட்டுங்க."

இரண்டு ரத்தமும் ஒரே பதிலைச் சொன்னது. பிறகு வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்க்கிற வரைக்கும் கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சோதனை ஏமாற்றிவிடும் என்றும் சொன்னார்கள். தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்த ரொட்டியை டாக்டர் சொல்லித் தின்பதில் எடைக்கல்லுக்கு ஒரு கௌரவம் இருந்தது. குழாயும் அதையேதான் சொன்னது: இருவருக்கும் சீலியாக். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ரொட்டி. ஒருத்தியைக் கரைத்தது, ஒருவரை ஊதியது.

அன்றோடு கோதுமைக்கு வீட்டில் இடமில்லை. மாவுச் சல்லடை போனது, பிஸ்கட் டப்பா போனது, மாவு ஒட்டிய பலகைகூடப் போனது. முதலாளிக்குச் சேதி எட்டியதும் அவரும் தன் இடுப்பை உத்தேசித்துக் கோதுமையை விட்டார். கோதுமை இல்லாத பிஸ்கட் என்று கடையில் பார்த்து, ஒரு மாதத்தில் நாற்பது பாக்கெட் தீர்த்து, நாலு கிலோ ஏறினார். "அது நோய்க்குப் பத்தியம், இடுப்புக்கு இல்லை," என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

எடைக்கல்லுக்கு மூன்றே வாரத்தில் வயிறு அடங்கியது. பொத்தான் தானாக மாட்டிக்கொண்டது. ஆனால் தங்கச்சிக்கு மட்டும் ஆட்டம் முடிந்த ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. எடையும் நகரவில்லை. டாக்டரம்மா, "என்னென்ன சாப்பிடறே, ஒண்ணு விடாம எழுதிட்டு வா," என்றார். எழுதிக்கொண்டு போனாள். ஒரு துளி கோதுமை இல்லை. டாக்டரம்மாவுக்கே குழப்பம்.

அடுத்த ஆட்டத்தில் எடைக்கல் பலகைமேல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற காட்சி. ராஜா தட்டை நீட்டுவார். தேவதை அமரக் கனியை எடுத்து மூன்று கடி கடித்து, பிறகு பறப்பாள். அமரக் கனி என்பது சிவப்புச் சாயம் பூசிய பன். நிஜப் பழமென்றால் சாறு வழிந்து வெள்ளைப் பட்டு கெட்டுவிடும் என்பது முதலாளியின் சட்டம். நாடகக்காரர்கள் கணக்கில் மேடையில் தின்பது தின்பதாகாது. குடிப்பது குடிப்பதாகாது, அழுவது அழுவதாகாது. அதனால் எழுதும்போது தங்கச்சிக்கு அது நினைவுக்கே வரவில்லை. எடைக்கல்லுக்கும் இந்த நிமிஷம் வரைக்கும் வரவில்லை.

"ஏய்! கடிக்காதே!" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. சபையில் எல்லோரும் அசரீரி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தங்கச்சி கனியோடு நின்றாள். ராஜா, "உண்பாய், தேவதையே," என்றார். "உண்ணமாட்டாள்," என்றது அசரீரி. ராஜா இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை கெஞ்சினார். முதலாளி மூச்சு வாங்க ஏணியில் பாதி ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"யோவ், குதிய்யா!"

"இனிமே அந்தப் பன் வராதுன்னு சொல்லுங்க, குதிக்கறேன்."

"மூணு கடிய்யா! அது நடிப்பு!"

"குடலுக்கு நடிக்கத் தெரியாது மொதலாளி."

"மோட்டார் வாங்கிடுவேன்."

"தாராளமா வாங்குங்க. அதுகிட்டயும் இதையேதான் சொல்லிட்டுப் போவேன். பன் இருந்தா அவ பறக்கமாட்டா."

கீழே ராஜா தனக்குத் தெரிந்த வசனமெல்லாம் தீர்ந்துபோய், வேறு நாடகத்து வசனத்துக்குப் போய்விட்டார். முதலாளிக்கு வேறு வழியில்லை. "சரிய்யா, நிஜப் பழமே வைக்கறேன். பட்டுத் துணிய நீ தொவச்சுக் குடு."

"தொவைக்கறேன்," என்று சொல்லிவிட்டு எடைக்கல் காலை எடுத்தார்.

அதற்கப்புறம் ஏறியது பாருங்கள் எடை! ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று தங்கச்சி கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்தால் வயிற்றைப் பிடிக்காமல், "இன்னொரு பழம் இருக்கா?" என்று கேட்டாள். தையல்காரர் பாவாடையின் நாலு பிடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எடைக்கல் வாராவாரம் பட்டுத் துவைத்தார். மாதுளைக் கறை போக என்ன செய்ய வேண்டுமென்று அவரைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்.

ஆறாவது மாதம். பழைய நாடகம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் புது நாடகத்தின் முதல் ஒத்திகை. முதல் வரிசையில் முதலாளி. பக்கத்தில் மோட்டார்காரன், மடியில் பொத்தான் வைத்த பெட்டியோடு. ராஜா, "விண்ணேகு!" என்றார். எடைக்கல் காலை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அதாவது, அவர் விழவில்லை. பலகைக்கு ஒரு முழம் கீழே அந்தரத்தில் நின்றார். தங்கச்சி மேடைக்கு ஒரு முழம் மேலே நின்றாள். எடைக்கல் காலை உதைத்தார், உடம்பை உலுக்கினார். ஊஞ்சல் மாதிரி ஆடி, திரையைத் தாண்டி மேடைக்கே வந்து, தேவதையின் தலைக்கு மேலாகப் பனியனோடு ஒரு சுற்றுப் போனார்.

"அண்ணா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நீ கனத்துட்டே!" என்றார். வேலை போகப்போகிறவர் மாதிரியே இல்லை குரல். "மொதலாளி, பாத்தீங்களா? என்னால தூக்க முடியல! அறுபது இருப்பா! அறுபதுக்கு மேல இருப்பா!" என்று ஆடிக்கொண்டே சிரித்தார். கயிறும் அவரோடு குலுங்கியது.

"பாத்தீங்களா சார்," என்று பெட்டியைத் திறக்கப் போனான் மோட்டார்காரன்.

"இரு," என்றார் முதலாளி. மேலே தொங்குகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. இத்தனை நாளும் எடைக்கல்லின் உடம்பிலிருந்து சதையை அறுத்து எடுக்க முடியாததுதான் தொல்லை. குறைக்கத்தான் வழியில்லை. கூட்டுவதற்கா பஞ்சம்? "டெய்லர்! அந்த ஆள் இடுப்புக்கு ஒரு மணல் பை தையி. அஞ்சு கிலோ."

மோட்டார்காரன் பெட்டியை மூடிக்கொண்டு போனான். போகும்போது அந்த அண்ணன் தங்கச்சி மாதிரி ஒரு ஜோடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததாக ராஜா சொல்கிறார். ராஜா சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

ஏணியில் இறங்கி வந்த எடைக்கல்லின் இடுப்பைச் சுற்றித் தையல்காரர் நாடாவைப் பிடித்தார்.

"அஞ்சு கிலோவுக்கு இந்த அளவு போதும், இல்லையா?"

"பெரிசாவே தைங்க," என்றார் எடைக்கல். "இன்னும் ஏறுவா."