மூன்று பெஞ்சு தூரம்

சம்பளத் தரம் பிரித்து உத்தரவு வந்த மறுநாள், அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் குறைந்த புதுத் தரத்துக்குப் போன கஸ்தூரி டீச்சரின் குரல் மூன்றாவது பெஞ்சோடு நின்றுவிட்டது. தொண்டையில் கோளாறு இல்லை என்று டவுன் டாக்டர் சொல்லி ஃபீஸ் வாங்கிக்கொண்டார். பக்கத்து அறையில் அதே ஐந்தாம் வகுப்பு எடுக்கும் சக்கரபாணி வாத்தியார் பழைய தரத்துக்காரர். அவர் குரல் கிரிவலப் பாதையைத் தாண்டியது. பௌர்ணமிக்கு நடக்க வந்தவர்கள் பின்னக் கணக்குக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். குரல்தான் அவ்வளவு தூரம் போகிறதே என்று அவர் நாற்காலியை விட்டு எழுவதை நிறுத்தினார். வருஷா வருஷம் அதே கணக்கு. எதிரே இளநீர் விற்கும் ஜானி பாஷா அவருக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவார்.

படித்தால் தரம் ஏறும் என்றார்கள். கஸ்தூரி தபாலில் எம்.ஏ. படித்தார். தேர்ச்சி வந்த வாரம் குரல் நாலாவது பெஞ்சை எட்டியது. அடுத்த பட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தபோது, படிப்புக்கெல்லாம் இனி தரம் கிடையாது என்று இன்னொரு உத்தரவு வந்து, கொடுத்த பெஞ்சையும் பிடுங்கிக்கொண்டது. நம்பினால் இப்படித்தான். கஸ்தூரி புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டார். பயிற்சி வகுப்புக்குப் போனால் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தார். பின் பெஞ்சுப் பிள்ளைகள் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சையில் எல்லாரும் முட்டை.

கடைசி பெஞ்சு ரூக்ஸார் ஒருநாள் எழுந்தாள்.

"டீச்சர், இங்க ஒண்ணுமே கேக்கலங்க."

அது காதில் விழுந்ததும் கஸ்தூரி நடந்து கிட்டே போனார். "என் தரம் அவ்ளோதாம்மா."

"எனக்குத்தான் தரமே கெடையாதே. நான் கத்துனா ரோடு வரைக்கும் கேக்குது."

அன்றே ரூக்ஸாரை மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினார். டீச்சர் சொல்வதை அவள் திரும்பி நின்று பின் பெஞ்சுகளுக்குக் கத்திச் சொன்னாள். அவள் தப்பாகச் சொன்னால் பின்னால் இருப்பவர்கள் தப்பாகவே படித்தார்கள். பிள்ளை வாயில் சிதையாத அளவுக்குப் பாடத்தை உடைத்துத் தர வேண்டியிருந்ததால், கஸ்தூரி பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் கேள்வி கேட்டார். எல்லாரும் பதில் சொன்னார்கள். கஸ்தூரி தரத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டார்.

"மூணு பெஞ்சுலயே வேலை நடக்குதேம்மா, ஜாஸ்தி எதுக்கு?"

"அப்ப மூணாவது பெஞ்சுக்குச் சம்பளம் குடுத்துடுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

அடுத்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்த கீர்த்தனாவை இரண்டு பெஞ்சு தூரக் குரலோடுதான் அனுப்பினார்கள். ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. கஸ்தூரி அந்த வகுப்புக்குப் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கத்தச் சொல்லிக் கேட்டு, இரண்டாவது பெஞ்சில் யாரை உட்காரவைப்பது என்று காட்டிவிட்டு வந்தார்.