சரியான விடை

லிப்டுக்குள் பெட்டி அடங்கவில்லை. கீழே நின்று ஆளாளுக்கு யோசனை சொன்ன சத்தம் மூன்றாம் மாடிவரை வந்தது.

"நிமித்தி வச்சா அடங்கும் சேர்," என்றது சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரரின் குரல்.

"என்ர பிள்ளையை நிமித்தி வைக்கிறதோ?" அது புஷ்பராஜ். "படியால கொண்டு போவம். நான் முன்னுக்குப் பிடிக்கிறன்."

மேலே ஜீவராணி சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மற்றப் பக்கத்தில் அவளுடைய அக்கா அருள்நாயகி. ஹோலில் பெட்டி வைக்க வேறு இடம் கிடையாது. கதிரைகள் பக்கத்துப் பிளாட்டுக்குப் போய்விட்டன. மேசைதான் மிச்சம்.

"சுவரோட தள்ளு பிள்ளை. பூத்தட்டு வைக்க உதவும்," என்றாள் அக்கா.

அருள்நாயகி கொட்டாஞ்சேனையிலிருந்து முதல்நாளே வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டவள். அழுகிறவர்களை அழவிட்டாள், தேத்தண்ணி ஊற்றுகிறவர்களை ஊற்றவிட்டாள், வருகிற சனத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் தானே பொறுப்பெடுத்தாள்.

"ஆரும் கேட்டா ஹார்ட். சின்னனில இருந்தே ஒரு ஓட்டை. விளங்குதோ? நீ ஒண்டு, மனுசன் ஒண்டு எண்டு சொல்லக்கூடாது. ஆரணி, இஞ்ச வா. அக்காவுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

பதின்மூன்று வயது ஆரணி அறை வாசலில் நின்றாள். "ஹார்ட், பெரியம்மா. சின்னனில இருந்தே."

"கெட்டிக்காரி."

அந்த அறைக் கதவுக்கு இப்போது பூட்டு இல்லை. புதன்கிழமை விடியப் புஷ்பராஜ் உடைத்த இடத்தில் மரம் வெள்ளையாகப் பிளந்திருந்தது. அருள்நாயகி அதன்மேல் ஒரு சீலையைத் தொங்கவிட்டிருந்தாள். பதினெட்டு வயது மிதுஷா தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள் என்பது பொலிஸுக்குத் தெரியும். மரண விசாரணைக்கு வந்தவருக்குத் தெரியும். கதவு உடைந்த சத்தம் கேட்ட அத்தனை பிளாட்டுக்கும் தெரியும். ஆனாலும் வீட்டார் ஹார்ட் என்றார்கள், சனமும் ஹார்ட் என்றே கேட்டுக்கொண்டது.

பெட்டி வந்தது. புஷ்பராஜின் தோளில் சுவர்ச் சுண்ணாம்பு. படித் திருப்பத்தில் உரசியிருக்க வேண்டும். அதை அவன் தட்டவும் இல்லை. பிள்ளையின் தலைமாட்டில் போய் நின்றவன் நின்றபடியே நின்றான். பெண்கள் சுற்றி இருந்து அழத் தொடங்கினார்கள். ஜீவராணிக்கு அழுகை வரவில்லை. மேசையோடு முதுகை ஒட்டி நிலத்தில் இருந்தாள். மேசைக்கால் அவளுடைய பிடரியில் குத்தியது. விலகி இருக்கத் தோன்றவில்லை.

இதே மேசையில்தான். இரண்டு மாதத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பிள்ளைகளின் மனநிலையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கப்போவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து சேர்குலர் வந்திருந்தது. யுனிவர்சிட்டி ஆட்கள் வந்து கேள்வி கொடுப்பார்கள். ஆருக்கு நித்திரை இல்லை, ஆருக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது என்று பதிலைப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதைப்பார்கள். இதில் சரி, பிழை என்று ஒன்றும் இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சரி பிழை இல்லாத கேள்வியை ஜீவராணி தன் சீவியத்தில் கண்டதில்லை. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அது ஒரு கிழமை முந்தி நடந்துவிட்டது. கெமிஸ்ட்ரி டியூஷன் தாய்மாரின் குறூப்பில் சரோஜினிதேவி கேள்விகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். வந்த பேப்பரை விடலாமா? இரண்டு பிள்ளைகளையும் மேசைக்குக் கூப்பிட்டு இருத்தினாள்.

"முதலாவது. போன ரெண்டு கிழமையில மனம் சோர்ந்து, ஒண்டிலயும் பிடிப்பில்லாமல் இருந்ததோ?"

"ஓம்," என்றாள் மிதுஷா. "கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்."

"பிழை."

"அம்மா, அது வந்து..."

"பிழை எண்டுறன். இப்பிடிப் போட்டா உன்ர பேரைத் தனிய எடுத்து வைப்பினம். பிறகு ஸ்கூல் முழுக்கக் கதை. நாளைக்கு ஒரு கம்பஸ், ஒரு விசா, ஒரு கலியாணம் எண்டு வரேக்க ஆர் பதில் சொல்லுறது? ஒருபோதும் இல்லை. சொல்லு."

கடற்கரையால் ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓயும்வரை மிதுஷா தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருபோதும் இல்லை."

ஜீவராணி சுட்டுவிரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் சரிக்கு ஒரு தட்டு.

"நித்திரை எப்பிடி?"

"வாறேல்லை அம்மா."

"பிழை. ஆரணி, நீ சொல்லு."

"நல்லா நித்திரை கொள்ளுறன்."

தட்டு. "பார், சின்னவளுக்கு விளங்குது. அடுத்தது. இருந்து பிரயோசனமில்லை எண்டு நினைச்சதோ?"

ஆரணி அக்காவை முழங்கையால் இடித்துச் சிரித்தாள்.

"அதுக்கு என்ன விடை அம்மா?" என்றாள் மிதுஷா.

"இதென்ன விசர்க் கேள்வி. இதுக்கும் ஒருபோதும் இல்லைதான்."

"ஒருபோதும் இல்லை."

தட்டு.

இரண்டாம் முறை கேட்டபோது மிதுஷாவுக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஜீவராணிக்குப் பெருமைதான். அத்தனை விடைகளையும் குரலில் பதிந்து குறூப்பில் விட்டாள். தாய்மார் கைகூப்பிய படம் போட்டு நன்றி சொன்னார்கள்.

அந்தத் தாய்மாரில் பாதிப்பேர் இப்போது ஹோலில் இருந்தார்கள். சரோஜினிதேவி அழுது மூக்குச் சிந்தியபின் நகர்ந்து நகர்ந்து ஜீவராணிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஜீவா, இந்த நேரத்தில சொல்லுறன் எண்டு நினைக்காதைங்கோ. அண்டைக்குக் குறூப்பில போட்டதுகளை நாங்கள் எல்லாரும் போனில அழிச்சிட்டம். நீங்களும் அழிச்சு விடுங்கோ."

ஜீவராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மற்றப் பிள்ளையளும் இருக்குதுகள் தானே," என்றாள் சரோஜினிதேவி, மெதுவாக.

வாசலில் ஒரு பெண் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தலையில் சாம்பல் நிறத் துண்டு. முகம் வீங்கியிருந்தது. பெட்டிக்குக் கிட்ட வந்து பார்த்தவள், பார்த்த இடத்திலேயே சற்று நின்று, பிறகு தாயைத் தேடி வந்து நிலத்தில் இருந்தாள்.

"ஆன்ட்டி, நான் சஹ்லா. ஸ்கூல்ல அந்த ஆராய்ச்சி செய்ற டீம்ல இருக்கிற. பிள்ளைகளோட பேசுறது நான்தான்."

ஜீவராணிக்குப் பயம் வந்தது. எவரோ ஒருவர் கேட்க வந்துவிட்டார் என்ற ஆறுதலும்தான்.

"மிதுஷாவும் எழுதினவங்க ஆன்ட்டி. பதில்ல கொஞ்சமாவது ஏதும் இருந்தா நாங்க விடமாட்டோம். கூப்பிட்டு, இருத்தி, பேசுவோம். சில பிள்ளைகளோட இன்னும் பேசிட்டுத்தான் இருக்கிறோம். இவங்கட பதில்ல ஒண்டுமே இருக்கல்ல. அந்த வகுப்புல எல்லாருமே அப்பிடித்தான். நான் சந்தோசப்பட்டேன் ஆன்ட்டி. மனசு நல்லா இருக்கிற வகுப்பு எண்டு ரிப்போர்ட்லயும் எழுதினேன்."

எதிர்ப்பக்கத்துத் தாய்மார் அழுகையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"பிழை எங்கட கேள்விலதான். நம்ம பிள்ளைகளுக்கு விளங்குற மாதிரிக் கேக்க எனக்குத் தெரியல்ல. ரெண்டு நாளா அதையேதான் வாசிச்சு வாசிச்சுப் பாக்கிறேன். அடுத்த தவணை திரும்பவும் ஸ்கூலுக்குப் போகணும். எந்த முகத்தோட போற? ஏலாது, விடப்போறேன் எண்டு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன்."

"பிள்ளைக்கு ஹார்ட், மிஸ்," என்று மேலிருந்து அருள்நாயகி குனிந்தாள். "சின்னனில இருந்தே ஒரு ஓட்டை."

சஹ்லா அருள்நாயகியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். எழும்பப்போனாள்.

ஜீவராணி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மிஸ்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"கேள்வியில பிழை இல்லை."

சரோஜினிதேவி ஜீவராணியின் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். ஆறுதலுக்கு வைத்த கைபோலத்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப?" என்றாள் சஹ்லா.

சொல்வதற்கு ஒரே ஒரு வசனம்தான். அதைச் சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் மாறும், புஷ்பராஜ் தலைமாட்டிலிருந்து திரும்பிப் பார்ப்பான், இந்த ஹோலில் இருக்கிற ஒவ்வொரு தாயும் தன் வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொண்டு படியிறங்குவாள். ஜீவராணி வாயைத் திறந்தாள்.

"வாய்க்கரிசி போடுறவை வாங்கோ," என்று ஐயர் கூப்பிட்டார். "கனத்தைச் சுடலையில நேரம் தந்திருக்கினம். சுணங்கக்கூடாது."

அருள்நாயகி தங்கச்சியின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். "வா. பிறகு கதைக்கலாம்."

மிதுஷாவின் வாய் இலேசாகச் சிரிப்பதுபோல் மலர்ச்சாலையில் செய்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததில்லை. ஜீவராணி அரிசியை அள்ளி அந்த வாயின்மேல் போட்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். சரோஜினிதேவி போட்டாள். குறூப்பில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வந்து போட்டார்கள். கடைசியில் வாய் தெரியவில்லை.

பெட்டியை மூடியபோதுதான் ஜீவராணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சொன்னாள் என்று எவருக்கும் விளங்கவில்லை. "பிழை, பிழை" என்று கேட்டதாகப் பிறகு ஒருத்தி சொன்னாள். பெற்ற வயிறு, எதையோ சொல்லி அழுதிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். படித் திருப்பத்தில் "பொட்டக் உஸ்ஸன்ன மல்லி, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்ற குரல் கேட்டது. பிறகு கீழே வாகனக் கதவு சாத்தப்பட்டது. காலி வீதிப் பக்கம் பறைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து பஸ் ஹோர்ன்களுக்குள் போய்விட்டது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தண்ணீர் படி வழியே இறங்கியது. தாய்மார் ஒவ்வொருத்தராகச் சொல்லாமல் போனார்கள். சஹ்லா மட்டும் போகவில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தும்புத்தடி பிடித்தவர்களோடு வாளி தூக்கினாள். எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிலம் காய்ந்ததும் மேசையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார்கள். பக்கத்துப் பிளாட்டிலிருந்து கதிரைகளும் திரும்பி வந்தன. அருள்நாயகி ஆரணிக்குத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். முழுகிவிட்டு வந்த ஜீவராணி ஈரத் தலையோடு எதிரில் இருந்தாள். கைகள் இரண்டும் மேசைமேல் கிடந்தன. பிறகு கதைக்கலாம் என்று அக்கா சொன்ன அந்தப் பிறகு இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சஹ்லா ஆரணிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். தொழிலுக்காகக் கேட்டமாதிரி இல்லை. அக்காவை இழந்த பிள்ளையிடம் எவரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"ஆரணி, ராவைக்கு நித்திரை வருதா?"

"நல்லா நித்திரை கொள்ளுறன் மிஸ்."

"சாப்பிடுறீங்களா?"

"வழக்கம்போலச் சாப்பிடுறன்."

தேத்தண்ணி தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே அந்தப் பிள்ளைக்குக் கறுத்துப் போயிருந்தது.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கா? அழணும்போல வருதா?"

"ஒருபோதும் இல்லை."

சஹ்லா நிமிர்ந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் வருகிற சொல் இல்லை அது. ஆராய்ச்சிக் கேள்விகளுக்குக் கீழே நான்கு விடைகளில் முதலாவதாகச் சஹ்லாவே எழுதிய சொல். மெதுவாகத் திரும்பி ஜீவராணியைப் பார்த்தாள்.

ஆரணி மிஸ்ஸைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அம்மாவின் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீவராணி அந்தக் கையை இழுத்து மடிக்குள் வைத்து, மற்றக் கையால் பொத்தினாள்.

கடற்கரையால் ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. கை கிடந்த இடத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளை காத்திருந்தாள்.