ஊசிமலையில் யார் செத்தது?

ஒரே ஒரு கேள்வி. அதைச் சிங்களத்தில் கேட்க வேண்டும். இன்றைக்கே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பவுலினுக்குத் தபால் கந்தோர் வேலை இல்லை.

தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊசிமலைத் தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் நடந்துகொண்டே அவள் அந்தக் கேள்வியை நாற்பதாவது தடவையாக முணுமுணுத்தாள். எதிரே வந்த மாடு ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, மார்ச் மாதம். தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்துகொண்டிருந்த காலம். பவுலினுக்கு வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. ஜூனுக்குள் தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இல்லை. பரீட்சை விண்ணப்பத்தில் வகுப்பு ஆசிரியரின் கையெழுத்து இருக்க வேண்டும்.

வகுப்பு ஆசிரியர் ஏக்கநாயக்க. மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். வகுப்புக்கு அவர் மாத்தயா, சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம். முப்பது வயது. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தத் தேவையும் இருந்ததில்லை, அவர் போடும் சட்டம் அப்படி. வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். சனிக்கிழமைக்கு ஒருவராக, தங்கள் சனங்களின் வழக்கம் ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் சிங்களத்தில் பேச வேண்டும். மற்ற ஏழு பேரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். எட்டு வாரம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொந்தமாக ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கேட்டதை அன்றைக்கு இன்னொருவர் கேட்கக் கூடாது. கேட்டவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு இல்லாதவருக்குக் கையெழுத்து இல்லை.

பவுலின் பேசும் கடமையை இரண்டாவது வாரமே முடித்துவிட்டாள். எழுதி வைத்து மனப்பாடம் செய்தால் பேசிவிடலாம். கேள்வி அப்படி இல்லை. ஆண்டியப்பன் என்று ஒருவன் இருந்தான், ரயில்வே கந்தோர்க்காரன். யார் பேசி முடித்தாலும் அவன் கை முதலில் உயரும். "அது எந்த மாதம்?" தீமிதிக்கும் அதே கேள்வி, வளைகாப்புக்கும் அதே கேள்வி. வளைகாப்பு எந்த மாதம் என்று அவன் கேட்டபோது அன்று பேசிய லெட்சுமி டீச்சர் ஏழாவது மாதம் என்று பதில் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஆனால் கோடு விழுந்துவிட்டது. அடுத்தவர் "எங்கே நடக்கும்?" என்பார். அதற்கடுத்தவர் "யார் சமைப்பார்கள்?" என்பார். பவுலின் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குத் தெரிந்த மூன்று கேள்விகளும் தீர்ந்துபோயிருக்கும். ஏழு வாரம் அப்படியே ஓடிவிட்டது.

இன்று எட்டாவது வாரம். கடைசிப் பேச்சாளன் வீரய்யா.

வீரய்யா, வகுப்பு நடக்கும் அதே ஊசிமலைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்பவன். அவன் அப்பாதான் தோட்டத்துக்குத் தப்பு என்ற பறையை அடிப்பவர். தப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று அவன் சொன்னபோது ஆண்டியப்பன் முகத்தைச் சுளித்தான். மலையில் எது நடந்தாலும் முதலில் பேசுவது எங்கள் வீட்டுத் தப்புதான், அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேச என்று கேட்டு வீரய்யா அவன் வாயை அடைத்துவிட்டான்.

பவுலின் வீரய்யாவிடம் போய் நின்றது போன சனிக்கிழமை. விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தான். ஒருவர் செத்துப்போனால் அதைத் தப்பு எப்படிச் சொல்லும்? இதுதான் கேள்வி.

"நான் அந்த எடத்த வேணும்னே சொல்லாம விட்டுடுறேன் மிஸ். நீங்க கைய தூக்குங்க. ஆண்டியப்பன் அண்ணன் மாசம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள தூக்கிடணும், அவ்வளவுதான்."

திட்டத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஒன்று இருந்தது.

மூன்று மணிக்கு வீரய்யா எழுந்தான். பள்ளிக்கூடம் என்பது நீளமான ஒரே கூடம். சுற்றிலும் அரைச் சுவர், அதற்கு மேல் வெறும் காற்று. கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள், எதிரே மலைச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் வரிசை. வீரய்யா தப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தான். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காய்ந்த மாணாப் புல்லைக் கொளுத்தி அதை நன்றாகக் காய்ச்சியும் வைத்திருந்தான். காய்ச்சாத தப்பு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி தொப்புத் தொப்பென்று கேட்கும். காய்ச்சிய தப்பு மூன்று மலை தாண்டும்.

முதலில் பெரட்டுக்கு அடிக்கும் அடி. விடியற்காலையில் ஆட்களை எழுப்பி வேலைக்குக் கூப்பிடும் அடி அது. விரலால் மட்டும் தட்டிக் காட்டினான். அப்புறம் காமன் கூத்துக்கு அடிக்கும் அடி. லயத்து வாசலில் யாரோ சிரித்தார்கள். வாத்தியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டது. ஏக்கநாயக்க மாத்தயாவின் முகம் மலர்ந்திருந்தது. எட்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

பேச்சு முடிந்தது. ஆண்டியப்பனின் கை உயர்ந்தது.

பவுலினின் கை அதற்கு முன்பே உயர்ந்திருந்தது.

எழுந்தாள். ஒரு சொல் பிசகாமல் கேட்டாள். ஏக்கநாயக்க பேனா மூடியைத் திறந்தார். சிவப்புக் கோடு விழுந்தது. பவுலின் உட்கார்ந்தாள்.

வீரய்யா பதில் சொன்னான். அதற்குத் தனி அடி இருக்கிறது, கேட்டவுடன் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, விரலால் லேசாகத் தட்டினான்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை, உரக்க அடியுங்கள் என்றார் மாத்தயா.

இங்கேதான் அந்த ஓட்டை. வேறு நேரமாக இருந்தால் வீரய்யா அதைச் செய்திருக்கவே மாட்டான். ஊசிமலையில் அந்த அடியை விளையாட்டுக்கு யாரும் அடிப்பதில்லை, சின்னப் பிள்ளைகள் தகரத்தில்கூடத் தட்டுவதில்லை. ஆனால் அவன் தலை முழுக்க அடுத்த வாக்கியத்துக்கான சிங்களத்தில் மூழ்கிக் கிடந்தது. கை பாட்டுக்குக் கம்பை எடுத்தது. மூன்று தனி அடி. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. அதற்குப் பிறகு மழை மாதிரி உருட்டு.

சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

எதிர்ச் சரிவில் பெண்கள் நிமிர்ந்தார்கள். பிறகு அந்த வரிசை கலைந்தது. கூடையைத் தலையில் மாட்டியபடியே சரிவில் இறங்க ஆரம்பித்தார்கள்.

வீரய்யாவின் கம்பு அந்தரத்தில் நின்றது. "ஐயோ" என்றான், தமிழில்.

தோட்டத்துக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தாம் நம்பர் லயத்துக் கந்தப்பன் தாத்தா மூன்று வருடமாக இன்றைக்கோ நாளைக்கோ என்று படுத்திருக்கிறார். வேறு யாராக இருக்கும்? கொழுந்து நிறுக்கிற நேரத்தில் நூறு பேர் மலையை விட்டு இறங்கினார்கள். பேச்சியம்மா என்ற பெண் வரும் வழியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த கணம் இன்னும் மோசமான ஒரு சத்தம் கேட்டது. தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனிலிருந்து பதில் தப்பு. கீழே சாவு அடி கேட்டால் மேலே இருப்பவர்கள் அதை வாங்கி அடுத்த தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், அது வழக்கம். மேல் டிவிசனில் வீரய்யாவின் சித்தப்பா சின்னராசா தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். இப்படியே விட்டால் செய்தி இருட்டுவதற்குள் ஹட்டனுக்குப் போய்விடும்.

சித்தப்பாவை நிறுத்த வீரய்யா அரைச் சுவரைத் தாண்டிக் குதித்து மேலே ஓடினான். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கேட்டால் விளக்கம் சொல்லத் தானும் வேண்டும் என்று ஏக்கநாயக்க மாத்தயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

கூடத்தில் பவுலினும் மற்ற ஆறு பேரும் மிஞ்சினார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. பத்தாம் நம்பர் லயத்துக்குப் போனவர்கள் அங்கே ஆள் இல்லை, பாயும் காலி என்று திரும்பி வந்தார்கள். அதற்குள் தூக்கிவிட்டார்களா என்று பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டம் விலகியது. நடுவே கம்பை ஊன்றிக்கொண்டு, தோளில் துண்டோடு, கந்தப்பன் தாத்தா நடந்து வந்தார்.

"யாரு தாயி போனது?" என்று பவுலினைக் கேட்டார். "தப்புச் சத்தம் கேட்டுச்சு. ஒரு கேதத்துக்குக்கூட போகாட்டி நாளைக்கு நம்ம கேதத்துக்கு எவன் வருவான்? அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

பேச்சியம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

பவுலின் தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் சாகவில்லை, இது வகுப்பு, கேள்வி கேட்டது நான்தான். அப்புறம் சிரிப்பு அங்கங்கே பற்றியது. கந்தப்பன் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. தனக்காக எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழ்ப் பாதையில் அவர்கள் தெரிந்தார்கள். கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் கடை முதலாளி சுமனபால. ஒருவர் தோளில் பாண் ரொட்டி மூட்டை, இன்னொருவர் கையில் சீனிப் பொட்டலம், மற்றவர்கள் கையில் சுருட்டிய வெள்ளைத் துணி. தப்பின் பாஷை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

"கவுத நெத்திவுணே?" யார் தவறிப்போனது என்று முதலாளி கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

எல்லாரும் ஆண்டியப்பனைப் பார்த்தார்கள். ஆறு கோடு வாங்கியவன். எந்த மாதம் என்பதைத் தவிர அவனிடம் வேறு சரக்கு இல்லை. மெதுவாக லெட்சுமி டீச்சருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

பவுலின் முன்னால் வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தனை பேர் பாண் சுமந்து மலை ஏறி வந்து பதில் இல்லாமல் நிற்பது அவளால் தாங்க முடியவில்லை.

"கவுருவத் நே" என்றாள். யாரும் இல்லை.

முதலாளி நம்பவில்லை. துக்கத்தில் பெண் குழம்பியிருக்கிறாள் என்று நினைத்தவர் போல் இன்னும் மென்மையாகக் கேட்டார். பவுலின் கந்தப்பன் தாத்தாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். இந்த மனுஷன் செத்தது என்றாள். இல்லை, செத்தது இல்லை. எல்லாரும் செத்தது என்று நினைத்தது. நாங்கள் பாடம் படித்தது. பாடம் உரக்கக் கேட்டது. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இடையில் இரண்டு தமிழ்ச் சொற்களும் புகுந்தன. ஒன்றும் நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

முதலாளி தாத்தாவைப் பார்த்தார். தாத்தா கும்பிட்டார். முதலாளிக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. மற்ற கிராமத்தார்களும் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

பவுலினுக்கு வாய் திறந்த வேகம் அடங்கவில்லை. அந்த வெள்ளைத் துணி எதற்கு என்று கேட்டாள். உங்கள் ஊரில் தப்பு இல்லையே, ஒருவர் போய்விட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு கேள்விகள். எந்த டிக்கெட்டிலும் எழுதி வைக்காத கேள்விகள்.

முதலாளி துணியை விரித்துக் காட்டினார். சாவு வீட்டிலிருந்து பெருந்தெரு வரைக்கும் வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டுவோம். அதைப் பார்த்தால் போதும், கூப்பிடாமலே ஆள் வரும். உங்கள் தப்பு காதுக்கு, எங்கள் கொடி கண்ணுக்கு. பவுலின் அதைத் தமிழில் கூட்டத்துக்குச் சொன்னாள். பேச்சியம்மா ஒரு கேள்வி கேட்க, அதைச் சிங்களத்தில் முதலாளிக்குச் சொன்னாள். கொடியை எத்தனை நாள் விட்டுவைப்பீர்கள் என்பது கேள்வி.

வாசலுக்கு வெளியே ஏக்கநாயக்க மாத்தயா நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேல் டிவிசன் தப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. வேட்டி முழுக்கச் சேறு. பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டபடி வீரய்யா. மேலே ஓடும்போதே அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான், பஸ் டிக்கெட் வரைக்கும்.

மாத்தயா உள்ளே வந்து வகுப்புப் பெயர்கள் எழுதிய இடாப்பைத் திறந்தார். பவுலினின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புக் கோட்டை அடித்தார்.

"அந்தக் கேள்வி உங்களுடையது இல்லை, மிஸ்" என்றார், அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

பவுலின் தலையாட்டினாள். அது நியாயம்தான். ஆனாலும் கண் கலங்கியது. ஜூன் மாதம் அவள் கண்முன்னே வந்து நின்றது.

மாத்தயா அத்தோடு பேனாவை மூடவில்லை. முதலாளியிடம் பெயரைக் கேட்டார். எட்டாவது பெயருக்குக் கீழே ஒன்பதாவதாக அதை எழுதினார். பேச்சின் தலைப்பு: வெள்ளைக் கொடி. பிறகு பவுலினின் பெயருக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று இரண்டு புதிய கோடுகள்.

அவர் வகுப்பில் சேர்ந்தவரே இல்லையே, சட்டப்படி இது செல்லுமா என்று ஆண்டியப்பன் தமிழில் கேட்டான். அதைச் சிங்களத்தில் கேட்டால் உங்களுக்கும் ஒரு கோடு தருகிறேன் என்று மாத்தயா சிங்களத்தில் பதில் சொன்னார். ஆண்டியப்பன் உட்கார்ந்துவிட்டான்.

கண்டாக்கு ஐயா வந்து கத்தினார். கொழுந்து வாடுகிறது என்றார். அவர் கையிலும் ஒரு துண்டுப் பாணைக் கொடுத்தார்கள். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். லயத்தில் சாயத்தண்ணி கொதித்தது, முதலாளியின் சீனி அதில் கரைந்தது. பவுலின் விண்ணப்பத்தை எடுத்து நீட்ட, மாத்தயா பள்ளிக்கூட மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது கந்தப்பன் தாத்தா பக்கத்தில் வந்து நின்றார்.

"தாயி, அந்த மொதலாளிகிட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லு. நெசமா நான் போற அன்னிக்கும் இதே மாதிரி பாண் கொண்டாருவாரான்னு."

பவுலின் கேட்டாள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

கொண்டுவருவேன், ஆனால் அவசரமில்லை என்றார் முதலாளி.